மகளிர் பிரிவு ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் கோலப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச விரும்புவது காலை வகுப்பைப் பற்றி.

நம் தெருக்களில் வயதான பெண்கள் குளியலறையிலும் வாசற்படியிலும் விழுவது சென்ற பொதுக்குழுவிலேயே பேசப்பட்டது. அதன்படி சமுதாயக் கூடத்தில் வாரம் 3 நாள் பயிற்சி தொடங்கினோம். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, அடிமேல் அடி வைத்து நடப்பது, சுவரருகே ஒற்றைக் காலில் நிற்பது, அவ்வளவுதான்.

"தினமும்தான் நடக்கிறேனே, இது எதுக்கு?" என்று பலர் கேட்டார்கள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் உடம்பை நிமிர்த்தி வைப்பவை கண், உட்காது, பாதத்தின் உணர்ச்சி மூன்றும். வயதாக ஆக இவை மங்குகின்றன. தடுமாறும் நொடியில் அடுத்த காலைச் சட்டென்று எடுத்து வைக்கத் தொடையில் பலம் வேண்டும். அந்தப் பலத்தைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்து எழும் வேலைகள் வீட்டில் குறைந்துவிட்ட பிறகு, பலருக்கு அதற்கான வாய்ப்பே இல்லை.

நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுவோம். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழே போனால் கவனம் தேவை. முதல் நாள் 6 முறை எழுந்து மூச்சு வாங்கிய 68 வயது உறுப்பினர், மாசியில் 11ஐத் தொட்டார். அன்று எல்லோரும் கைதட்டினோம்.

என்னை உறுத்துவது வராதவர்கள்தான். ஒருமுறை விழுந்தவர் பயத்தில் வெளியே வருவதில்லை. உட்கார உட்காரக் கால் இன்னும் தளர்கிறது. "அத்தை பேசாம உட்கார்ந்திருக்கட்டும்க்கா, திரும்ப விழுந்துட்டா?" என்றார் ஒரு மருமகள். பாசத்தில் சொன்னதுதான். அந்த அம்மாவுக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வீட்டிலேயே சமையல் மேடையைப் பிடித்தபடி செய்யக் கற்றுக்கொடுத்தோம். இப்போது மாடிக்குத் துணி காயப்போட அவரே ஏறுகிறார். வரும் ஆண்டில் இப்படி வீடு தேடிப் போக நான்கைந்து தொண்டர்கள் வேண்டும், பெயர் தாருங்கள்.

கூடத்து வாசலின் மூன்று படிகளுக்கு இன்னும் கைப்பிடி இல்லை. வகுப்புக்கு வருபவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். இன்றே தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்