இன்ஜினை இறக்காதே, பொறு

அன்புள்ள சேகர்,

உன் மூன்று கடிதங்களும் மேசையில் இருக்கின்றன. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. கோபம் இருந்தால் அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள், இப்போது இதைப் படி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு முழங்கால் கட்டு பிரித்தாகிவிட்டது. பாலு வழக்கம்போல "அடுத்த வாரம்" என்கிறான்.

அவசரமாக எழுதக் காரணம் உன் மூன்றாவது கடிதத்தின் கடைசி வரி. "பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைக்கும் ரிங் போய்விட்டது என்கிறார்கள், இன்ஜினை இறக்கச் செலவு கட்டாது, காரைக் கொடுத்துவிடப் போகிறேன்." அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் அப்பா பின்சீட்டில் உட்கார்ந்து "க்ளட்ச், க்ளட்ச்" என்று கத்தக் கத்த நாம் இரண்டு பேரும் ஓட்டப் பழகிய வண்டியடா அது. ஒருவர் காதால் கேட்டுச் சொன்ன தீர்ப்பை நம்பியா கொடுப்பாய்?

நீ எழுதியிருக்கும் அறிகுறிகள் ஒன்றுவிடாமல் என் வண்டியிலும் இருந்தன. ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே ஏறி நின்றது. இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் கேஸ்கட்டை இரண்டு தடவை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. கிராங்க் தண்டின் பின்பக்க எண்ணெய்ச் சீலிலிருந்தும் சொட்டு. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெளிறிய களிம்பு. பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது, ரிங் மாற்றாமல் தீராது என்று எனக்கும் சொன்னார்கள். நானும் நம்பி, விடுமுறைகூட எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காரணம் ஒரு ஹோஸ், வெறும் ரப்பர் குழாய்.

கொஞ்சம் பொறுமையாகக் கேள். எவ்வளவு புது இன்ஜினாக இருந்தாலும் எரிந்த வாயுவில் ஒரு பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே எண்ணெய் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அதோடு எரியாத பெட்ரோலும் நீராவியும் சேர்ந்து போகும். மூடியில் இருக்கும் களிம்பு அந்த நீராவிதான். இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடும் குட்டிப் பயணங்களில் அது வெளியேற நேரமில்லாமல் எண்ணெயோடு கலந்துவிடுகிறது. பழைய காலத்து வண்டிகளில் இந்த வாயு போவதற்குக் கீழ்ப்பக்கமாக ஒரு திறந்த குழாய் மட்டும் இருக்கும். வண்டி ஓடினால் காற்று இழுக்கும், நின்றால் ஒன்றும் இழுக்காது. புகைமூட்டத்தைக் குறைக்க 1961-ல் கலிஃபோர்னியாவில் விற்ற புது வண்டிகளில் இந்த வாயுவை இன்ஜினுக்கே திருப்பும் பிசிவி வால்வு போடத் தொடங்கினார்கள். இன்ஜின் தன் வாக்குவத்தாலேயே, அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பாலேயே, அந்த வாயுவை இழுத்து மறுபடி எரித்துவிடும். எவ்வளவு எளிய யோசனை! ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, வாக்குவம் பலமாக இருப்பதால் வால்வின் உள்ளே இருக்கும் ஊசி இழுபட்டு வழி குறுகுகிறது. ஓட்டத்தில் வாக்குவம் தளர, ஸ்பிரிங் அதைத் தள்ளி வழியை அகலமாக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் இழுக்க வாக்குவமே இருக்காது. மிஞ்சிய வாயு ப்ரீதர் என்ற இன்னொரு குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும். அதனால்தான் சொல்கிறேன், ஃபில்டரில் எண்ணெயைப் பார்த்ததும் ரிங் என்று முடிவு கட்டாதே.

இந்த வழி அடைத்தால் வாயு எங்கே போகும்? எண்ணெயைத் தள்ளிக்கொண்டு எந்தச் சீல் பலவீனமோ அந்த வழியாக வரும். நாமோ சீலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

என் வண்டியில் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன், ஊசி கலகலவென்றது. சரிதான், வால்வு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதுதான் தப்பு. ஒரு மாலை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்தால், வால்விலிருந்து, இன்ஜின் காற்றை இழுக்கும் மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ் நடுவில் சப்பையாக ஒட்டிக் கிடக்கிறது! நிறுத்தினேன், உருண்டையாகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், சூடாகச் சூடாக மெல்ல ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கைக்குக் கிடைத்தது என்று ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டிப் போட்டது நான்தான். அந்த ரப்பர் எண்ணெயைத் தாங்காது. ஊறி, கொழகொழத்து, வாக்குவத்தில் உள்ளிழுபடும். இத்தனை நாள் என் வண்டியின் மூச்சை நானே பிடித்துவைத்திருக்கிறேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

எண்ணெய் தாங்கும் ஹோஸ் போட்டேன். டாப்பெட் கவரைக் கழற்றி, உள்ளே வாயு போகும் வழியில் இருந்த கம்பி வலையை மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்தேன். கருந்தாராக அடைத்திருந்தது, வெளிச்சமே தெரியவில்லை. வால்வும் புதிது. அதில் ஒரு எச்சரிக்கை: மரை பொருந்துகிறது என்று வேறு வண்டி வால்வை வாங்காதே. ஸ்பிரிங்கும் துளையும் வேறு. நான் முதலில் வாங்கியது அப்படித்தான், ஐட்லிங் ஏறி இறங்கித் தவித்தது.

ரிங் பக்கத்தையும் விடவில்லை. எல்லா பிளக்கையும் கழற்றி, காற்று போகும் த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைத்துக் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம், பார்த்தேன். மற்ற மூன்று சிலிண்டரும் 150-ஐ ஒட்டி. மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 118 பி.எஸ்.ஐ. அதில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்த்ததும் 140-க்கு ஏறியது. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் சிலிண்டரின் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. ஆக எனக்கு ஒரு ரிங்கில் குறை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் குறைந்த சிலிண்டர் உயர்ந்ததில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் ஓட்டலாம் என்பார்கள். 118 அதற்குள் நிற்கிறது. கார்பனில் சிக்கிய ரிங் என்றால் ஓட ஓடக் கொஞ்சம் விடுபடலாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின் சீல் சொட்டு நின்று நாற்பது நாள் ஆகிறது. கீழே போட்ட அட்டை காய்ந்தே கிடக்கிறது. தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன், வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சொட்டிய எண்ணெய் சைலன்சர் குழாயில் பட்டுப் புகைந்த நாளில் பின்னால் குழந்தைகள் இருந்தார்கள். அந்த வாசனையை நான் மறக்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் எனக்காக ஒதுக்கு. இன்ஜினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விடு. ஏர் ஃபில்டருக்குப் போகும் ப்ரீதரைக் கழற்றி இன்ஜின் பக்கத்து வாயை அடை. ஆயில் மூடியைத் திறந்து ஓட்டையின் மேல் மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து ஒரு நிமிஷம் பொறு. உள்ளிழுத்து ஒட்டினால் இன்ஜின் மூச்சு விடுகிறது. பறந்தால், முதலில் ஹோஸைப் பார், ஓடும்போதே பார். அதற்கப்புறம் வால்வு, வலை. எல்லாம் சரியாக இருந்தும் பறந்தால் கம்ப்ரஷன் பார். அப்போது ரிங் என்று சொன்னால் நானும் ஒத்துக்கொள்கிறேன், நானே வந்து உன்னோடு இன்ஜினை இறக்குகிறேன். சிவாவிடம் இதைச் சொல்லிவைக்காதே, அவனுடையது டீசல், அங்கே இந்த வாக்குவக் கணக்கு செல்லாது. அவசரக்குடுக்கை, உடனே ஸ்பானரை எடுப்பான்.

இன்னொன்று. ப்ரீதரைத் திறந்து வெளியே விட்டுவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. இழுப்பு இல்லாவிட்டால் ஈரமும் பெட்ரோலும் உள்ளேயே தங்கி எண்ணெயைச் சேறாக்கிவிடும்.

வண்டியை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடவில்லையே? கொடுத்திருந்தால் ஒரு வாரம் தவணை கேள். காகிதம் ஒட்டியதா பறந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

உன்,
ரகு