இரண்டு சரக்கு ரயில்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் வான் பிரவுன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நான் ரயில்வேயில் 31 வருடம் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவன். ராக்கெட் எனக்குத் தெரியாது. சரக்கு ஏற்றி அனுப்புவது தெரியும். அதனால், கட்டுரையாளர் நான்கே வரியில் முடித்துவிட்ட அந்த இடமாற்றத்தில்தான் என் கண் நின்றது.

1945 பிப்ரவரி. சோவியத் படை நெருங்குகிறது. ஜெர்மனியின் பால்டிக் கரையில் பீனமுண்ட என்ற இடத்தில், எதிரி நகரங்கள்மேல் ஏவ வி-2 என்ற போர் ராக்கெட்டை உருவாக்கிய ஹிட்லர் அரசின் ஆராய்ச்சி நிலையத்தை ஆட்களோடும் கருவிகளோடும் காகிதங்களோடும் காலி செய்து, தெற்கே ஹார்ஸ் மலைப் பக்கம் கொண்டுபோகிறார்கள். லேபிள் இல்லாத வேகன் யார்டில் அநாதையாக நிற்கும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இவர்களுக்கு லேபிள் கிடைத்த கதை வேடிக்கை. அச்சகம் தலைப்புத்தாளில் நான்கெழுத்துச் சுருக்கம் ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டது. அந்தத் தப்புக்கே 'சிறப்புப் பணித் திட்டம்' என்று ஓர் அர்த்தம் கற்பித்து, பெட்டிகளிலும் லாரிகளிலும் பெரிதாக எழுதிக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டிவிட்டார்கள். தப்பாக அச்சாகி வந்த படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியவன் நான். சிரிப்பு வந்தது.

ஏப்ரலில் 14 டன் வரைபடங்களையும் கோப்புகளையும் டோர்ன்டென் அருகே ஒரு பழைய சுரங்கத்துக்குள் அடுக்கி, வெடிவைத்து வழியை மூடினார்கள். மே மாதக் கடைசியில் அமெரிக்கர்கள் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு தாள்கூட மழையில் நனையக் கூடாது என்ற அக்கறை. சரக்கு அனுப்பியவன் என்ற முறையில் அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே ஏப்ரலில், அதே மலைப்பக்கத்திலிருந்து வேறு ரயில்களும் கிளம்பின. அவை உங்கள் கட்டுரையில் இல்லை.

1943 ஆகஸ்டில் பீனமுண்டவை பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுவீசித் தாக்கிய பிறகு, வி-2 தயாரிப்பு நார்ட்ஹவுசன் அருகே மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குப் போனது. அங்கே வேலை செய்தவர்கள் டோரா வதைமுகாமின் கைதிகள். அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் வந்தவர்கள் சுமார் 60,000 பேர். செத்தவர்கள் சுமார் 20,000. ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட இது அதிகம். வான் பிரவுன் அந்தச் சுரங்கத்துக்குப் பலமுறை போய்வந்தவர், வதைமுகாம்களை நடத்திய எஸ்.எஸ். என்ற நாஜிப் படையில் அதிகாரி. இதையும் நீங்கள் எழுதவில்லை.

அமெரிக்கப் படை நெருங்கியதும் கைதிகளையும் 'இடம் மாற்றினார்கள்'. நிலக்கரியும் ஜல்லியும் ஏற்றுகிற திறந்த வேகன்களில் ஆட்களை அடைத்தார்கள். எங்கள் ஷெட்டில் மாடு ஏற்றுவதென்றால்கூட ஒரு வேகனுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு, தண்ணீர் காட்ட வேண்டும். குண்டுவீச்சில் தண்டவாளம் சேதமானதால் சில ரயில்கள் நடுவழியில் நின்றுபோயின. இறங்கியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நடத்திக்கொண்டுபோய், கார்டெலேகன் ஊருக்கு வெளியே ஒரு தானியக் கொட்டகைக்குள் தள்ளித் தீ வைத்தார்கள். 1945 ஏப்ரல் 13. செத்தவர்கள் 1,016 பேர். மறுநாள் அமெரிக்கப் படை அந்த ஊருக்கு வந்துவிட்டது.

கட்டுரையின் தலைப்பில் 'மயிர்க்கூச்செறியும் தப்பித்தல்' என்று போட்டிருக்கிறீர்கள். தப்பியது யார் என்று என் பேத்தி கேட்டாள். அவளுக்கு மேலே எழுதியதைச் சொன்னேன்.

அடுத்த வாரம் இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் டோராவுக்கும் கார்டெலேகனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால், கையில் மாவுக்கட்டோடு வான் பிரவுன் சரணடைகிற அந்தப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்ஸ் கிளார்க்,
ஜோலார்பேட்டை.