ஒரே ஒரு அடிக்காக பிராக் வரை

ஸ்காபரோ, கனடா

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே, பிராக் நகரத்துக்குப் போய் வந்தேன். சின்னவன் வாசிக்கிற இளையோர் இசைக்குழு செக் நாட்டுக்குக் கச்சேரிப் பயணம் போனது. அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாகச் சில பெற்றோர் வேண்டும் என்றார்கள். பென்ஷன் எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவன் நான்தானே, கையைத் தூக்கிவிட்டேன்.

துணை என்றால் வேலை ஒன்றுதான்: எண்ணுவது. பஸ்ஸில் ஏறமுன் எண்ணு, இறங்கியதும் எண்ணு. பிள்ளைகளை எண்ணி முடித்தால் பெட்டிகளை எண்ணு. செலோவுக்கு, அதுதான் வயலினைப் பெரிதாக்கிய மாதிரி இருக்குமே, விமானத்தில் தனி டிக்கெட், தெரியுமா? பெல்ட் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் பெரிய மனிதர் மாதிரி இருந்து வருகிறது. அதைவிடப் பெரிய டபுள் பேஸ் அப்படி வராது, பிராக்கிலேயே நாலு வாடகைக்கு எடுத்தோம். வயலின் வில்லின் நுனியில் பழைய தந்தத் துண்டு இருந்தால் எல்லையில் பத்திரம் கேட்பார்கள் என்று, புறப்பட முன்பே ஒவ்வொரு வில்லாகப் பார்த்தாயிற்று. நீ அனுப்பிய பருத்தித்துறை வடைக்கு மட்டும் யாரும் பத்திரம் கேட்கவில்லை. இரண்டாம் நாளே பெடியள் டப்பாவைக் காலி பண்ணிவிட்டார்கள்.

சரி, எங்கள் ஆளின் கதைக்கு வருகிறேன். வாசித்தது செக் இசையமைப்பாளர் துவொர்ஷாக்கின் 'புதிய உலகிலிருந்து' சிம்பொனி, நாலு பகுதியாக முழு இசைக்குழுவும் வாசிக்கிற பெரிய உருப்படி. நாற்பது நிமிடத்துக்கு மேலே. அதில் மூன்றாம் பகுதியில் இவனுக்கு டிரையாங்கிள், முக்கோணமாக வளைத்த கம்பியைத் தட்டுவது. நாலாம் பகுதியில் சிம்பல், அதாவது நம் தாளத்தின் பெரியப்பா. முழு சிம்பொனிக்கும் அந்தச் சிம்பலுக்கு ஒரே ஒரு அடிதான்! அதுவும் ஓங்கி அடிக்கிற அடி இல்லை, மெல்லத் தொட்டு விட வேண்டும். வெள்ளிக்கிழமைப் பஜனையில் கை ஓயாமல் தாளம் போட்ட நீ இதற்குச் சிரிக்காமல் இருக்கமாட்டாய்.

ஆனால் அடிப்பது பெரிய காரியமில்லை மச்சான், சத்தமில்லாமல் எடுப்பதுதான். ஒத்திகையில் தூக்கும்போதே தட்டுகள் உரசி 'சிங்' என்றது. நடத்துனர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றிரவு ஹோட்டல் அறையில் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளைக் கட்டிலில் வைத்து, எடுப்பான், வைப்பான். பன்னிரண்டு மணிக்கு நான் லைட்டை அணைத்தேன். இருட்டிலும் எடுத்தான்.

கச்சேரி ருடோல்ஃபினம் மண்டபத்தில். 1896இல் செக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் கச்சேரியை துவொர்ஷாக்கே நின்று நடத்திய இடம். ஆனால் இந்த சிம்பொனியை அவர் எழுதியது 1893இல், நியூயோர்க்கில் இருந்து. வருஷம் 15,000 டொலர் சம்பளம் தருகிறோம் என்று இசைப் பள்ளிக்கு அதிபராகக் கூப்பிட்டார்கள், போனார். அந்தக் கோடை விடுமுறைக்கு எங்கே போனார் என்று நினைக்கிறாய்? அமெரிக்காவின் அயோவாவில் செக்காரர் குடியேறிய ஸ்பில்வில் என்ற சின்ன ஊருக்கு! நாம் புட்டுக்கும் ஊர்க் கதைக்கும் மார்க்கம் ரோட்டுப் பக்கம் போகிற மாதிரித்தான். வெளிநாட்டில் இருந்து அவர் எழுதியதை, வெளிநாட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு அவர் ஊருக்கே வந்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் சீனம், கொரியா, ஈரான், யாழ்ப்பாணம், எல்லாம் உண்டு.

இரண்டாம் பகுதியில் இங்கிலிஷ் ஹார்ன் தனியாக வரும். பெயர்தான் ஹார்ன், உண்மையில் ஓபோவின் அண்ணன், நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதுவது. அந்தப் பிள்ளை ஊதத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த கிழவி தானும் முணுமுணுக்க, புருஷன் முழங்கையால் இடித்தார். அந்தப் பகுதி முடிகிற கடைசிச் சத்தம் டபுள் பேஸுக்கு மட்டும்தான். முன்பின் தெரியாத வாடகைப் பேஸில் அதை எப்படித்தான் அவ்வளவு மெல்லப் பிடித்தார்களோ! நான் மூச்சே விடவில்லை.

நாலாம் பகுதி தொடங்கியதும் சின்னவனின் வாயைத்தான் பார்த்தேன். உதடு அசைகிறது, எண்ணுகிறான். நானும் எண்ணத் தொடங்கி இடையில் பிசகிவிட்டேன். தட்டுகள் எழும்பின. ஒரு சத்தமும் இல்லை. இரண்டு கையும் சேர்ந்து விலகியதைக் கண்டேன், அடுத்து கிளாரினெட் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவன் கேட்டது, "அப்பா, என்ர அடி கேட்டதோ?"

"வடிவாகக் கேட்டது" என்றேன். உண்மையில் ஒன்றும் கேட்கவில்லை மச்சான். தையில் அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவேன், அப்போது வாய் தவறிச் சொல்லிவிடாதே.

அம்மாவின் கண் ஒபரேஷன் என்ன மாதிரி? எழுது. வடையும் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்