மைனிக்கு ஒரு கடிதம்: கொடியில் காயும் ஷீட்டைப் பாருங்கள்

அன்புள்ள மைனிக்கு,

போன வாரம் போனை வைக்கும்போது நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை மனசிலேயே நிற்கிறது. "சிரட்டை ரெண்டு சாக்கு கெடக்கு, பெயின்ட் இருக்கு, மத்தியானம் முழுக்க நேரமும் இருக்கு. என்ன வரையணும்னுதான் ஒண்ணுமே தோணமாட்டேங்கு." அடுப்பில் பால் இருந்ததால் நான் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகும் அதே யோசனைதான். சனிக்கிழமை என்னிடம் பெயின்டிங் படிக்க வரும் பெண்கள் ஆறு பேரும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு, உங்களுக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கிற இடத்தில் வைக்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குலசேகரத்தில் உங்கள் முற்றத்தில் ரப்பர் ஷீட் காயாத நாளே கிடையாது. மழை இல்லாத நாட்களில் அண்ணன் விடிவதற்கு முன்னால் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்விடுவார். பாலை அரித்து, தண்ணீர் கலந்து, டிரேயில் ஊற்றி ஆசிட் விடுவது உங்கள் வேலை. ராத்திரியோடு அது தயிர் மாதிரி உறைந்துவிடும். மறுநாள் அதை எடுத்து வழுவழு ரோலரில் நாலு தடவை விட்டு, கடைசியாக வரி போட்ட ரோலரில் ஒரு தடவை விட்டால் முதுகெல்லாம் வரியோடு வெளியே வரும். கொடியில் போடும்போது சுண்ணாம்பு வெள்ளை. சாயங்காலத்துக்குள் ஓரங்களில் மஞ்சள் ஏறும். புகை போட்டு உலர்த்தும் புகைப்புரைக்குள் போய்வந்தால் தேன் நிறம். சூரியன் பின்னால் இருக்கும்போது அந்த ஷீட்டின் முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? வரிக்கு வரி ஒரு நிழல் விழுந்து, மெல்லிய இடங்களில் வெளிச்சம் ஊடுருவி, ஒரே பழுப்புக்குள் ஏழெட்டுப் பழுப்பு தெரியும்.

அந்த வரி ஏன் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வரி இருந்தால் காற்றுப் படும் பரப்பு கூடும், சீக்கிரம் காயும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டாது. அழகுக்காக யாரும் போட்டதில்லை. ஆனாலும் அழகாக இருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மைனி. என்ன வரைவது என்று தேடும்போது பொருளின் உருவத்தை விட்டுவிட்டு, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். மடிப்பு, முறுக்கு, வெட்டு, அடுக்கு என்று வேலை நடந்த இடமெல்லாம் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு போனில் கிடைக்காது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வலியில்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சிக்காக இருபது துணிப்பைகளில் மயில் வரைந்தேன். போனில் பார்த்த மயில். தோகையில் இருந்த ஒவ்வொரு கண்ணையும் தங்கப் பெயின்டில் தொட்டுத் தொட்டு வைத்து, பத்து நாள் ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். கண்காட்சியில் பக்கத்து மேஜையில் அதே மயில். கழுத்து திரும்பிய பக்கம்கூட அதுதான். அந்தப் பெண்ணும் என்னைப் போலவே ராத்திரி விழித்துச் செய்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். பைகள் விற்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் பிரஷைத் தொட மனசு வரவில்லை.

திரும்பத் தொட வைத்தது தோவாளை. நம்ம சின்னவள் கல்யாணத்துக்கு மாலை சொல்ல விடிகாலையில் போயிருந்தேன். பூச்சந்தை இரைச்சல் உங்களுக்குத் தெரியும். பிச்சி, கேந்தி, அரளி என்று குவியல் குவியலாகக் கிடக்கும். அந்த வேளையில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் மாணிக்க மாலை கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, சம்பா நார், அவ்வளவுதான் சாமான். அரளிப் பூவை அப்படியே கோப்பதில்லை. விரலால் அழுத்தி மடித்து, நாரில் வரிசை பிடித்து, அதற்கு அடுத்த வரிசை, அதற்கும் அடுத்தது. இடையில் நொச்சியின் பச்சையையும் மடித்து வைக்கிறார். கண்ணுக்கு முன்னால் பூ மறைந்து கல் பதித்த மாதிரி ஒரு பட்டை வருகிறது. பாய் மாதிரித் தட்டையாக மடியில் படுத்துக் கிடக்கிறது. திருவிதாங்கூர் ராஜா ஒருவர் பார்த்துவிட்டு மாணிக்கம் கோத்தது போல் இருக்கிறது என்றாராம், பெயர் அப்படி வந்தது என்று அங்கே சொல்வார்கள். 2025-இல் அந்த மாலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

நான் அரைமணி நேரம் நின்றேன். அவர் ஒரு தடவைகூட மாணிக்கத்தைப் பார்த்துச் செய்யவில்லை. அரளி இதழ் எப்படி மடிய ஒத்துக்கொள்கிறதோ அப்படி மடித்தார். மணியின் வடிவம் அந்த மடிப்பிலிருந்து தானாக வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பையில் பூவே வரையாமல் அந்த மடிப்பை மட்டும் வரைந்தேன். சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மடிப்புக்கோடு, வெள்ளை, சிவப்பு, இடையில் பச்சை. பார்த்தவர்கள் எல்லாரும் "இது தோவாளை மாலையில்லா?" என்றார்கள். ஒரு பூ கூட இல்லாத பையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அம்மா லேஸ் பின்னியது நினைவிருக்கிறதா? நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் மடியில் அந்தத் தலையணையை வைத்துக்கொண்டு நூல் சுற்றிய மரக்குச்சிகளை டக் டக்கென்று மாற்றிக்கொண்டே இருப்பாள். நாகர்கோவிலுக்கு 1819-இல் வந்த மால்ட் மிஷனரி குடும்பத்தின் மார்த்தா அம்மையார் இங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது, பாட்டி வழியாக அம்மாவுக்கு வந்தது. அதில் கைக்கு உள்ள அசைவு மொத்தமே இரண்டு. ஒரு நூலை இன்னொன்றின் மேல் தாண்டவிடுவது, இரண்டையும் முறுக்குவது. அந்த இரண்டிலிருந்துதான் இலையும் வலையும் விசிறியும் எல்லாம். பெட்டியில் இருந்த ஒரு துண்டை எடுத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சிரட்டை விளிம்புக்கு மூன்று புது ஓரம் கிடைத்தது. அந்தத் துண்டை உங்களுக்கே தருகிறேன்.

சரி, உங்கள் முற்றத்துக்கே திரும்பி வருவோம். காய்ந்த ஷீட்டில் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெயின்ட் பிடிக்கும். ஒரு மரத்துண்டில் ஒட்டுங்கள். கெட்டியான அக்ரிலிக்கை ஸ்பாஞ்சால் தொட்டு வைத்துத் துணியில் அழுத்துங்கள். ஷீட் வரி அப்படியே பதியும். நேராக ஒன்று, குறுக்கே ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தால் ஓலைப்பெட்டி முடைந்த மாதிரி வரும். அதை யாரும் எங்கிருந்தும் எடுத்ததாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது உங்கள் வீட்டு ஷீட்.

ரப்பர் பாலையும் விடாதீர்கள். வாட்டர் கலர் வரைகிறவர்கள் வெள்ளை விட வேண்டிய இடத்தில் பூசுகிற மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று கடையில் சின்னக் குப்பியில் விற்கிறார்களே, அது அடிப்படையில் இந்தப் பால்தான். உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள். நீங்கள் அன்றைக்கு வெட்டிய பாலில் ஒரு கரண்டி எடுத்து, தென்னை ஈர்க்கிலால் தாளில் கோடு போடுங்கள். பிரஷ் வேண்டாம், பாழாகிவிடும். காய்ந்ததும் மேலே எந்த நிறமும் பூசலாம். நிறம் முழுசாகக் காய்ந்த பிறகு விரல் நுனியால் உருட்டினால் ரப்பர் சுருண்டு வந்துவிடும், அடியில் தாளின் வெள்ளை அப்படியே இருக்கும். நாள்கணக்கில் விட்டுவிட்டால் தாளையும் பிய்த்துக்கொண்டு வரும், அதனால் அன்றன்றைக்கே உரித்துவிடுங்கள். துணியில் மட்டும் வேண்டாம். அண்ணன் வேலைச் சட்டையில் இருக்கிற கறையைத் துவைத்துத் துவைத்து உங்கள் கை ஓய்ந்தது போதும்.

நிறத்தைப் பற்றியும் கேட்டீர்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கிற மார்கழி, தையில் தோப்பு முழுக்கச் செம்பும் மஞ்சளுமாக ஆகும். அப்புறம் வருகிற கொழுந்து பச்சையாக இருக்காது, செம்பு நிறமாக இருக்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய சுவரோவியக்காரர்கள் காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்து நிறத்திலேயே கோயில் சுவரை நிறைத்தார்கள். விளக்குப் புகையிலிருந்து கறுப்பு, சுண்ணாம்பிலிருந்து வெள்ளை. கறுப்புக் கோட்டைக் கடைசியில்தான் இழுப்பார்கள். ஒரு மாதம் ஐந்தே குப்பியோடு இருந்து பாருங்கள், முப்பது குப்பி இருந்த காலத்தைவிடக் கை தைரியமாகும். எனக்கு அப்படித்தான் ஆனது.

வட்டக்கோட்டைக் கடற்கரைக்குப் போனால் கறுப்பு மணலைப் பாருங்கள். அலை வந்து போகும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கனமான கறுப்பையும் சிவப்பையும் விட்டுப்போகிறது. நெளி நெளியாக நிற்கும் அந்தக் கோடும் ஒரு வேலையின் தடம்தான். பார்த்து வரைந்துகொள்ளுங்கள், அள்ளிக்கொண்டு வந்து ஒட்டாதீர்கள். நம்ம கரை மணலில் மோனசைட் என்கிற தாது உண்டு, அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது. பிள்ளைகள் தொடுகிற பொருளில் அது எதற்கு?

பத்மநாபபுரம் அரண்மனையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி என்றீர்கள். ஒரு நாள் சேர்ந்து போவோம், திங்கட்கிழமை மட்டும் அடைப்பு. வாசல் மண்டபமான பூமுகத்தில் நுழைந்ததும் எல்லாரும் நேரே உள்ளே போய்விடுவார்கள். நாம் அங்கேயே நின்று மேலே பார்ப்போம். மரக்கூரையில் செதுக்கிய பூக்கள் 90, ஒன்று போல் இன்னொன்று கிடையாது. தச்சருக்கு 91-ஆவது தோன்றியிருக்கும் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும், இடம்தான் முடிந்துபோயிருக்கும்.

தினமும் என்ன செய்வது என்றால், நாள்காட்டித் தாளைக் கிழிக்கிறீர்கள் இல்லையா, அதைக் குப்பையில் போடாமல் பின்பக்கத்தில் அன்றைக்குப் பார்த்த ஒரு கோட்டை மட்டும் பென்சிலால் போடுங்கள். இரண்டு நிமிஷம் போதும். மீன்காரி தட்டில் சாளையை அடுக்கிய விதம், ஓலையில் முடைந்த கடவப்பெட்டியின் மூலை, மழைக்கு ரப்பர் மரத்தில் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையின் கொசுவம், எதுவானாலும் சரி. படமாக வர வேண்டாம். தேதி முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு துணிக்கிளிப்பில் மாட்டி வையுங்கள். நான் அடுப்படிச் சன்னலில் மாட்டியிருக்கிறேன். தோணாத நாளில் அந்தக் கட்டைப் புரட்டினால் போதும். ஒன்றுமே போடாமல் வெறும் தாளாக மாட்டிய நாட்களும் அதில் நிறைய உண்டு, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரம் முழுக்க வெள்ளைதான். அவற்றையும் நான் எடுத்துப் போடவில்லை.

ஓணத்துக்கு முந்தின ஞாயிறு வருகிறேன். லேஸ் துண்டும் உப்புத்தாளும் கொண்டுவருவேன். அதற்குள் நீங்கள் எனக்காக ஒன்று செய்து வைக்க வேண்டும். இப்போது தோப்பில் ரப்பர் காய் வெடிக்கிற காலம். கீழே விழுந்த கொட்டைகளை எடுத்துப் பாருங்கள், பழுப்பில் புள்ளியும் கோடுமாக இருக்கும். ஒரு மரத்துக் கொட்டைகளுக்கெல்லாம் புள்ளி ஒரே மாதிரி விழும், ஏனென்றால் கொட்டையின் மேல்தோடு தாய்மரத்தின் பாகம். ஒட்டு ரகம் வேறானால் புள்ளியும் மாறும். உங்கள் கிணற்றடியில் ஒட்டுக்கட்டாத பழைய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறதே, அதன் கொட்டை ஒரு கை. மேட்டுத் தோட்டத்து மரத்தில் ஒரு கை. பக்கத்து வீட்டு எல்லையில் நிற்பதிலிருந்து ஒரு கை, அவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கலந்துவிடாமல் தனித்தனியாகத் தாளில் பொதிந்து, எந்த மரம் என்று மேலே எழுதி வையுங்கள். நாள்காட்டித் தாளே போதும்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் நாத்தனார்,
நாகர்கோவில்