காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறக்கும் அன்றே பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். சுதந்திர தின விழா, அறிவியல் கண்காட்சி, கலைத் திருவிழா எல்லாம் நல்லபடியாக நடந்தன. பேச்சு, கோலம், குழு நடனம் ஆகியவற்றில் நம் மாணவியர் பரிசு வாங்கினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் பழகிவிட்டார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். தசரா சப்பரம் பார்க்கப் போகிறவர்கள் கூட்டத்தில் பிள்ளைகள் கையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடைப்பந்து அணி குறுவட்டப் போட்டியில் வென்று, வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போகிறது. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அந்த அணியைப் பற்றிப் பேசத்தான்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மாலைப் பயிற்சி நேரத்தில், பிள்ளையைக் கூப்பிட வந்த ஒருவர் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார். தன் வீட்டுப் பிள்ளையைத்தான் எடுத்தாராம். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். யாரோ அதிலிருந்து வேறொரு பிள்ளை கூடைக்கு எம்பும் இடத்தை மட்டும் வெட்டி, வேகத்தைக் குறைத்து, சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்த்து ரீல்ஸ் ஆக்கிவிட்டார். அது முருகன்குறிச்சி, தியாகராஜ நகர் என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் அந்தப் பிள்ளையின் பெரியப்பா போனுக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் பயிற்சிக்கு மூன்று பேர் வரவில்லை. இன்னொரு பிள்ளை வந்தாள். ஷூவைப் பையிலிருந்து எடுக்காமல் வராண்டாப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, “வீட்ல வேடிக்கை மட்டும் பாக்கச் சொன்னாங்க மிஸ்” என்றாள்.

அப்புறம் என் அறைக்குக் கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. மைதானத்தைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டுங்கள், அரைக்கால் சட்டையை மாற்றி முழு பேன்ட் கொடுங்கள், போட்டி பார்க்க ஆண்கள் யாரையும் உள்ளே விடாதீர்கள். எட்டாம் வகுப்போடு விளையாட்டை நிறுத்திவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். பெற்றவர்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். இந்தக் கோரிக்கைகளுக்குள் இருக்கும் அக்கறையை நான் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்த காரியம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். சில மாதங்களுக்குள் பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில், ஸ்மித் பெண்கள் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். 1893 மார்ச்சில் முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் மோதின. ஆண்கள் பார்க்க அனுமதி இல்லை. பிள்ளைகள் களைத்துவிடுவார்கள் என்று ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது, ஒருவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது என்றெல்லாம் விதி போட்டார்கள். 1896 ஏப்ரல் 4 அன்று ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவியர் சான்ஃபிரான்சிஸ்கோவில் மோதிய முதல் கல்லூரிப் போட்டியிலும் பார்வையாளர்கள் பெண்கள் மட்டும்தான். ஆட்டம் முடிந்தபோது ஸ்டான்ஃபோர்டு 2, கலிபோர்னியா 1. அவ்வளவுதான் புள்ளிகள்!

அங்கே பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து முழு ஆடுகளத்திலும் ஓடும் முறை கல்லூரிகளில் நிலைபெற 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுவருஷம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வந்தது. அதே வருஷம் தொடங்கிய பெண்கள் தேசியக் கல்லூரிப் போட்டியை முதல் மூன்று முறையும் வென்றது பென்சில்வேனியாவில் இருந்த இம்மாகுலாட்டா என்ற சின்னஞ்சிறு கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. அந்தக் கல்லூரிக் கன்னியாஸ்திரிகள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து வாளியைத் தட்டித் தட்டிப் பிள்ளைகளை உற்சாகப்படுத்தினார்களாம். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த நம் பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

1974-ல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பேட் சம்மிட் என்பவர் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 22. அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார். 2012-ல் ஓய்வு பெறும்போது 8 தேசியப் பட்டங்கள், 1,098 வெற்றிகள். ‘ஆடினால் படிப்பு கெடும்’ என்று சொல்லும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: அவரிடம் தம் விளையாட்டுக் காலத்தை முழுதாக ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய அந்த ஆட்டத்தை, 2023 அக்டோபரில் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் 55,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வருஷம் கல்லூரிப் பெண்கள் இறுதிப்போட்டிக்கு ஆண்கள் இறுதிப்போட்டியைவிட அதிகத் தொலைக்காட்சிப் பார்வையாளர்கள்.

அமெரிக்காவை விடுங்கள். நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. தமிழக அரசு வேலைகளில் 3 சதவீதம் இருக்கிறது. பெண்பிள்ளை கல்லூரிக்குப் போவதையே வாய்பிளந்து பார்த்த காலம் ஒன்று இந்த ஊரில் இருந்தது. பெண்களுக்கென்றே இங்கே சாரா டக்கர் கல்லூரி வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஆடுகளத்துக்குத் துணி கட்டச் சொல்கிறோம்.

ஆகவே பச்சைத் துணி கட்டப்போவதில்லை. காற்றில்லாமல் பிள்ளைகள் மயங்கி விழுவதுதான் மிச்சமாகும். உடை விஷயத்தில் கட்டாயம் எதுவும் கிடையாது. உள்ளே லெக்கிங்ஸ் போட விரும்பும் பிள்ளை போடட்டும். தலைத்துணி அணியும் பிள்ளைகளும் தாராளமாக ஆடலாம். உலகக் கூடைப்பந்து அமைப்பே 2017-ல் அதை அனுமதித்துவிட்டது. அப்பா, தாத்தா, அண்ணன், தம்பி எல்லாரும் போட்டி பார்க்க வரலாம், கை தட்டலாம். நடுவரைத் திட்டுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது.

செல்போனுக்கு மட்டும் இனி மைதானத்தில் இடமில்லை. பள்ளி வளாகத்துக்குள் பெற்றோரோ உறவினரோ வீடியோ, போட்டோ எதுவும் எடுக்கக் கூடாது. தன் பிள்ளையை மட்டும்தான் எடுத்தேன் என்ற சமாதானம் செல்லாது. ஐந்துக்கு ஐந்து ஆடும் ஆட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் படத்தில் விழுவதெப்படி? அவசரமாகப் பேச வேண்டியிருந்தால் வாட்ச்மேன் அறைப் பக்கம் போய்ப் பேசுங்கள். போட்டிப் படங்களைப் பள்ளியே எடுக்கும். பி.டி. மிஸ்ஸும் படத்தில் உள்ள பிள்ளைகளும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, அந்தந்த வீட்டுக்கு மட்டும் கொடுப்போம். கூட்டிப்போக வருகிறவர்கள் 6 மணிக்கு வந்தால் போதும். நாலரைக்கே வந்து பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை.

சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோ உங்கள் போனில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். ‘பாருங்க, எப்படி அநியாயம்’ என்று எழுதி அனுப்புவதும் அனுப்புவதுதான். இனி ஒருமுறை இப்படி நடந்தால், எடுத்தவர் யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். புகாரைக் காவல் நிலையத்துக்கு நானே கொண்டுபோவேன். நம் நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கும் சைல்டுலைன் எண்ணும் 1098 தான். பேட் சம்மிட்டின் வெற்றிக் கணக்கோடு ஒத்துப்போவதால் பிள்ளைகளுக்கு இனி மறக்காது.

இன்னொன்று. வீடியோ எடுத்தவர் ஒருவர், வெட்டிப் போட்டவர் இன்னொருவர், வீட்டில் உட்கார வைக்கப்பட்டது பிள்ளை. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. அந்த வீடியோவில் எம்பிய பிள்ளையின் கால் தரையைவிட்டு எழும்பிய உயரத்தைப் பார்த்தீர்களா? எத்தனையோ வருஷமாக இந்த மைதானத்தைப் பார்க்கிறேன், அப்படி ஒரு தாவலைப் பார்த்ததில்லை. பந்தும் கூடைக்குள் விழுந்தது. அதை வெட்டிப் போட்டவர் அந்தக் கடைசி நொடியை விட்டுவிட்டார்.

பயிற்சிக்கு வராத மூவரில் இருவர் இந்த வாரம் திரும்பிவிட்டார்கள். அனுப்பிவைத்த பெற்றோருக்கு என் நன்றி. மூன்றாவது பிள்ளையின் ஆச்சி நேற்று என்னைப் பார்க்க வந்தார்கள். “அவ தாத்தா கபடி ஆடினவரு. இவ ஆடட்டும், அவ அப்பன்ட்ட நான் பேசிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது எனக்குத் தெரியும்.

வெயில் நாளில் தூக்குவாளியில் நீர்மோர் கொண்டுவரும் அம்மாமார்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வந்து அழிந்துபோன கோடுகளுக்குச் சம்பளம் வாங்காமல் பெயின்ட் அடித்துக் கொடுத்த அப்பாவுக்கும், தாமதமானாலும் முகம் சுளிக்காமல் காத்திருக்கும் ஆட்டோ அண்ணன்மார்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

வருவாய் மாவட்டப் போட்டி விடுமுறை முடிந்ததும் நடக்கும். கடிதத்தின் கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளன்று பி.டி. மிஸ்ஸிடம் கொடுத்தனுப்புங்கள். விடுமுறையிலும் காலை ஆறரை முதல் எட்டு வரை பயிற்சி உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியை