பான்ஷாங்கர் வெற்று நிலம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லண்டனைச் சுற்றியுள்ள ஊர்களின் வீட்டுத் தட்டுப்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பான்ஷாங்கர் விமானத் தளத்தை, சில பணக்காரர்களின் பொழுதுபோக்குக்காகச் சும்மா கிடந்த வெற்று நிலம் என்ற மாதிரி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பக்கத்தில் வெலின் கார்டன் சிட்டியில் குடியிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வீடே கட்டக் கூடாது என்பது என் கட்சி அல்ல. எங்கள் ஊரே 1920-ல் எபினேசர் ஹோவர்ட் வயல்காட்டில் தொடங்கியதுதான். இங்கே வீட்டு வாடகை எவ்வளவு என்று மாதாமாதம் கொடுக்கிற எனக்குத் தெரியாதா?

இரண்டாம் உலகப் போரில் பக்கத்து ஊரான ஹாட்ஃபீல்டில் டி ஹாவிலண்ட் விமானத் தொழிற்சாலை இருந்தது. ஜெர்மன் விமானங்களை ஏமாற்ற, பான்ஷாங்கரில் ஒரு பொய்த் தொழிற்சாலையை எழுப்பினார்கள். (அப்படியும் 1940 அக்டோபர் 3 அன்று ஒரு ஜெர்மன் விமானம் நிஜத் தொழிற்சாலை மீதே குண்டு போட்டது. 21 பேர் இறந்தார்கள்.) அப்புறம் விமானப்படையின் ஆரம்பப் பயிற்சிப் பள்ளி ஹாட்ஃபீல்டிலிருந்து இங்கே வந்தது. போருக்குப் பிந்தைய காலத்தில் தனியார் பயிற்சிப் பள்ளி நடந்தது. 2014 செப்டம்பரில் தளத்தை மூடிவிட்டார்கள்.

பான்ஷாங்கரின் ஓடுபாதை புல்தரை. புல்தரை என்றால் ஏதோ தார் போட வசதியில்லாமல் விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பயிற்சிக்குப் பறந்த டைகர் மாத் விமானத்துக்கு பிரேக் கிடையாது. வாலுக்கு அடியில் சக்கரமும் கிடையாது, ஒரு கட்டைதான். இறங்கியதும் அது புல்லைக் கீறிக்கொண்டே வரும், அந்த உரசலில்தான் வேகம் குறையும். தார்த்தரையில் அந்தப் பிடிமானம் இல்லை. கட்டையும் சீக்கிரம் தேய்ந்துபோகும். இப்படிப்பட்ட பழைய விமானங்கள் இங்கிலாந்தில் இன்னும் பறக்கின்றன, அவற்றுக்குப் புல்தரைதான் வேண்டும். அந்தப் புல்லும் தானாக அப்படி இருப்பதில்லை. வெட்ட வேண்டும், ரோலர் உருட்ட வேண்டும், மோல் என்ற பிராணி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளப்பிவிடும் மண்மேடுகளைத் தட்டிச் சமன்செய்ய வேண்டும். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் முட்செடி மண்டிவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வெற்று நிலம் என்கிறார்கள்.

புல்லையாவது மறுபடி வளர்த்துவிடலாம், அனுமதிதான் சிக்கல். இங்கே ஒரு வயலில் வருடத்துக்கு 28 நாள் வரை உள்ளாட்சி மன்றத்தின் திட்ட அனுமதி இல்லாமலே விமானம் இறக்கலாம். அதற்கு மேல் என்றால் அனுமதி வாங்கியாக வேண்டும். புதிதாக ஒரு விமானத் தளம் என்று விண்ணப்பம் போட்டுப் பாருங்கள், சத்தம் என்று அக்கம்பக்கத்து ஊரெல்லாம் திரண்டு வரும். அதனால் இருக்கிற ஒன்றை மூடினால் அதோடு அந்தக் கதை முடிந்தது. பயிற்சி பெற விரும்பும் இளைஞர்கள் இன்னும் தொலைவுக்கு அலைய வேண்டும், செலவும் கூடும். பணக்காரர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்.

2023-ல் உள்ளாட்சி மன்றம் ஏற்ற திட்டத்தில் இந்த நிலம் வீடுகளுக்கு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சரி, கட்டட்டும். வடக்கு ஓரமாக ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு புல் ஓடுபாதையை விட்டுவைத்தால் போதும். குடிவருகிறவர்களிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே, இங்கே விமானம் பறக்கும் என்று எழுத்தில் சொல்லிவிடலாம். வீடு வாங்கிவிட்டு அப்புறம் சத்தம் சத்தம் என்று புகார் எழுதும் வேலை மிச்சம்.

இந்தத் தொடரின் அடுத்த பகுதிக்கு உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால், கட்டுமான நிறுவனத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இங்கே பறக்கக் கற்றுக்கொண்டவர்கள் சிலரையும் பேட்டி எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
வெலின் கார்டன் சிட்டி, இங்கிலாந்து