அறிவியல் அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும், பெற்றோர்களுக்கும், சிங்கப்பூர், துபாய், திருப்பூர், சென்னை என்று எங்கெங்கோ இருந்து கைகொடுத்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

மாரியம்மன் கோயில் குடமுழுக்கு முடிந்ததும் வரவு செலவை மண்டபத்தில் வைத்து வரி வரியாக வாசித்தோம். ஊர்ப் பணத்தில் நடந்த வேலைக்கு ஊர் முன்னால் கணக்குச் சொல்வதுதான் நம் வழக்கம். பள்ளிக்கூடத்து வேலையையும் நாம் திருப்பணி என்றே பெயரிட்டு ஆரம்பித்தோம். ஆகவே இந்த அறிக்கை. ரசீது நகல்களுடன் முழுக் கணக்கும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டப்பட்டிருக்கிறது. பணம் எதற்குப் போனது, அந்த அறையில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை இங்கே எழுதுகிறோம்.

நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் மேலண்டைக் கோடி அறை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் இடமாகப் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தது. அதை அறிவியல் அறையாக்கலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, 'தொடக்கப்பள்ளிக்கு எதற்கு லேப்?' என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பள்ளிகளில் அறிவியல், கணக்கு ஆர்வத்தை வளர்க்கும் அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கியது; அது 6 முதல் 8 வரை படிக்கிறவர்களுக்கு. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் சின்ன வகுப்புகளில் மொழியையும் கணக்கையும் பலப்படுத்த வந்தது. மூன்றாம் வகுப்பிலேயே அறிவியல் தனிப் பாடமாகிவிடுகிறது. 3, 4, 5 படிக்கும் பிள்ளைகளுக்குக் கையால் செய்து பார்க்க ஓர் இடம் நம் பள்ளியில் இல்லை. 'ஏன்' என்று விடாமல் கேட்கிற வயசும் அதுதான். நான்காம் வகுப்பு டீச்சர் இதை எடுத்துச் சொன்னபிறகு எதிர்த்துப் பேச ஆளில்லை.

முதல் திட்டம் வேறு மாதிரி இருந்தது. சுவரளவு தொடுதிரை ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று குழுவில் பெரும்பாலோர் நினைத்தோம். வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கும் அதே ஆசை. பாதிப் பணம் அனுப்புவதாகவும் சொன்னார்கள். டீச்சர்தான், "அண்ணே, பெரிய திரை வேணாம். ஒரு குழாய், ஒரு தொட்டி, பிள்ளைங்க உயரத்துக்கு மேஜை, கொட்டினா துடைக்கிற மாதிரி தரை. டி.வி. சின்னதா இருந்தாலும் போதும்" என்றார். மூன்று கூட்டம் இதே பேச்சாகப் போனது. கடைசியில் டீச்சர் சொன்னபடியே செய்தோம். 43 அங்குல டி.வி. ஒன்று, தண்ணீர் வசதி, ஆறு மேஜை. தம்பிகளிடம் விவரம் சொன்னதும் மனம் கோணாமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வேலை விவரம். மேல்தளத்தில் ஒழுக்கு அடைத்தோம். உதிர்ந்த பூச்சைக் கொத்திவிட்டுப் புதுசாகப் பூசினோம். தரை சிமெண்ட்தான், ஈரத்தில் வழுக்கும் என்பதால் டைல்ஸ் போடவில்லை. பூச்சு வேலையின்போது சுவரின் அடிப்பக்கம் நீளத்துக்கு ஓடும் கரும்பலகையையும் சேர்த்து மெழுகப் பார்த்தார் கொத்தனார். தலைமையாசிரியை ஓடிவந்து தடுத்தார். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடி எழுதட்டும் என்று வைத்த கீழ்மட்டக் கரும்பலகை அது. அந்த முறை மாறிப்போனாலும் பலகை அறையில் இருந்தது. கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம். இன்று அந்த அறையில் அதிகம் புழங்கும் பொருள் அதுதான்.

பழைய வயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டோம். கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் குழி எடுத்தோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்திவிடும் பிரேக்கர் வைத்திருக்கிறோம், தண்ணீரும் கரண்டும் ஒரே அறையில் இருப்பதால். அறைக்கு இரண்டு வாசல். இரண்டு கதவும் வெளிப்பக்கம் திறக்கும். தீயணைப்பான் வாசல் பக்கத்தில் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அறையில் அடுப்போ ஸ்பிரிட் விளக்கோ கிடையாது. வெந்நீர் சத்துணவுக் கூடத்திலிருந்து பிளாஸ்கில் வரும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்த மண் இது. இந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மேஜையில்தான் தவறு நடந்தது, எங்கள் தவறு. உயரம் சொல்லாமல் ஆர்டர் கொடுத்துவிட்டோம். தச்சர் வழக்கப்படி 30 அங்குலத்தில் செய்து இறக்கிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, தாடையை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு தட்டில் இருந்த விதையைப் பார்த்தது. அதைக் கண்டதும் தச்சரே முகம் வாடிவிட்டார். அன்றைக்கே ரம்பத்தை எடுத்தார். டீச்சர் அதையும் பாடமாக்கினார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று ஒருவரையொருவர் அளந்து பலகையில் எழுதினார்கள். எண்களைப் பார்த்துவிட்டு 22 அங்குலம் என்று அவர்களே முடிவு சொன்னார்கள். தச்சர் அறுத்தார். ஆறு மேஜைக்கு 24 கால்; 24 துண்டுக்கட்டை மிஞ்சியது. அவை வீண்போகவில்லை. பலகைக்கு அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கி, சரிவு கூடக் கூடக் கோலிக்குண்டு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்கப் பயன்படுகின்றன. தச்சர் அறுத்ததற்குக் கூலி வாங்கவில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தில் ஒரு கடைக்காரர் நாம் கேட்டதைவிடத் திறன் குறைந்ததைக் கொடுத்துவிட்டார். அவர் கடைக்கு மூன்று முறை நடந்தபிறகு மாற்றித் தந்தார். வண்டிச் செலவு கணக்கில் இருக்கிறது.

இனி அறைக்குள் நடப்பது. ஆனி மாதம் பள்ளி திறந்து முதல் சில வாரம், பாடத்துக்கு முன்னால் வீடியோவைப் போட்டுவிட்டு அப்புறம் சோதனை செய்ய வைத்தார்கள். விதை முளைப்பதை டி.வி.யில் பார்த்த பிள்ளைகள், 'காற்று, நீர், வெப்பம் வேண்டும்' என்று விடையை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேள்வி ஒன்றுகூட வரவில்லை. டீச்சர் உடனே வரிசையைத் திருப்பிப் போட்டார். முதலில் ஊகம், அதைக் கீழ்ப்பலகையில் எழுதுவது, பிறகு கை வேலை, பிறகு பேச்சு. கண்ணுக்கு எட்டாதது, கைக்குச் சிக்காதது இருந்தால் மட்டும் கடைசியில் டி.வி. ஆடி மாதத்திலிருந்து இதுவே அறையின் சட்டம்.

அப்படிச் செய்த நெல் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஐந்தாம் வகுப்பு. நெல்லும் பச்சைப்பயறும் வீட்டிலிருந்து வந்தன. ஒரு டம்ளரில் காய்ந்தபடி, ஒன்றில் ஈரத்துணியில் சுற்றி, ஒன்றில் நாலு விரல்கடை தண்ணீருக்கு அடியில், கடைசியாக ஒரு பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி இறுக மூடி. கொதிக்க வைத்தால் தண்ணீரில் கரைந்த காற்று வெளியேறிவிடும் என்பதைப் பிள்ளைகள் முதல் வாரமே பார்த்திருந்தார்கள். முழுகிக் கிடக்கும் விதை அழுகிவிடும் என்று கிட்டத்தட்ட எல்லாருமே ஊகம் எழுதினார்கள்.

ஐந்தாம் நாள் பார்த்தால், தண்ணீருக்குள் கிடந்த பயறு ஊதித் தோல் கிழிந்து நுரை கட்டி நாறியது. சிலது முளை காட்டி அப்படியே நின்றுவிட்டது. நெல்லோ வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகக் குருத்தை மேலே அனுப்பியிருந்தது. மூடிய பாட்டிலிலும் அதே கதை, கொஞ்சம் மெதுவாக. பாடப்புத்தகம் தப்பா என்று பிள்ளைகள் கேட்டார்கள். டீச்சர் பதில் சொல்லாமல், ஈரத்துணி நெல்லையும் தண்ணீர் நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். துணி நெல்லில் வேர் கொத்தாக இறங்கியிருந்தது. தண்ணீர் நெல்லில் குருத்து மட்டும் நீளம்; வேர் இல்லை என்றே சொல்லலாம்.

அன்று அறையைப் பார்க்க வந்திருந்த தாத்தா ஒருவர் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது வருஷம் நாற்றங்கால் விட்டவர். "விதை விட்ட மறுநாளே தண்ணிய வடிக்கிறோமே, எதுக்குன்னு இப்பத் தெரியுதா? தண்ணி கெடந்தா குருத்துதான் ஓடும், காலு ஊனாது" என்றார். வகுப்பு முழுக்க அவர் பக்கம் திரும்பியது. மூச்சுக்காற்று குறைந்த இடத்தில் நெல் தன் மாவுச்சத்தைக் கொண்டு முதலில் குருத்தை மேலே விடும், காற்றை எட்டும் வரை வேரைத் தள்ளிப்போடும் என்று டீச்சர் அதன்பிறகுதான் விளக்கினார். அப்போதுதான் டி.வி.யும் போட்டார்கள். அதில் ஓடியது பிள்ளைகளே எடுத்த படம். தச்சர் செய்து கொடுத்த மரத் தாங்கியில் டீச்சரின் போனைப் பொருத்தி, பக்கத்தில் சின்ன எல்.இ.டி. விளக்கை எரியவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் இரண்டு நாள் எடுத்தார்கள். 288 படம். ஓட்டினால் அரை நிமிடம். உமி விரிந்து குருத்து எட்டிப்பார்த்து நெளிந்து மேலே போவதைத் திரும்பத் திரும்ப ஏழு தடவை போடச் சொன்னார்கள். சோற்றையே தின்று வளர்ந்த நாங்களும் அதை அன்றுதான் பார்த்தோம்.

முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து அதில் விதைநெல்லைக் கொட்டிப் பதர் பிரிக்கும் நம் வீட்டு முறையையும் நான்காம் வகுப்பு செய்தது. எத்தனை கரண்டி உப்புக்கு முட்டை எழும்புகிறது என்று எண்ணி எழுதினார்கள். வெட்டிய பாட்டிலில் ஆற்று மணல், வண்டல், களிமண் மூன்றையும் நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தது மூன்றாம் வகுப்பு; அந்தக் களிமண் தொட்டிக் குழாயை அடைத்துவிட்டது. கொத்தனார் வெளியே வண்டல் தங்கும் சின்னத் தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்தார். அது திட்டத்தில் இல்லாத செலவு.

நிழலை அளக்க முற்றத்தில் கட்டிய மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழு வேலையிலும் முதலில் முடிந்தது அதுதான். பங்குனியிலேயே கட்டினோம், காரணம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டே நாள்: ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒன்று. முதலாவதைத் தவறவிடக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். மேடையை ரசமட்டம் வைத்துப் பார்த்து, நடுவில் நட்ட கம்பியைத் தூக்குக்குண்டு விட்டு நேராக்கினார் கொத்தனார்.

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள். காலை பத்து மணியிலிருந்து நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் 'நிழல் போகப் போகுது' என்று ஒரே கூச்சல். போகவில்லை. மேற்கே ஒட்டடை போல ஒரு கோடு மிச்சம் இருந்தது. ஆபீஸ் கடிகாரம் தப்பு என்றான் ஒரு பையன். 12.10 தாண்டி 12.15க்குள்தான் கம்பி தன் நிழலைத் தானே விழுங்கியது. நிமிர்த்தி வைத்த டம்ளரின் அடிவரை வெயில் இறங்கியது. நம் நாட்டுக் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கக் கோட்டை, அதாவது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் அருகே ஓடும் கோட்டை, வைத்து ஓடுகிறது. நாம் இருப்பது 79 பாகையைச் சற்றுத் தாண்டி. பாகைக்கு நாலு நிமிடம் என்று பெருக்கினால் அங்கே உச்சிக்கு வந்த சூரியன் நமக்கு வர ஏறத்தாழ 13 நிமிடம் ஆகிறது. பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பலர் எங்களிடம் வந்து விசாரித்தார்கள். ஆகஸ்டில் மேகம் மூடிவிட்டது.

மேடையில் நிழலோடு பழகிய ஒரு பெண்பிள்ளை, 'பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாதுன்னு ஆத்தா சொல்றாங்க, அது எப்படி?' என்று கேட்டாள். டீச்சர் விழும் என்றும் சொல்லவில்லை, விழாது என்றும் சொல்லவில்லை. போய்ப் பார்த்து வரச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு தஞ்சாவூர் போய், கல் பாவிய தரையில் நீளமாகக் கிடந்த நிழலைப் போனில் படம் எடுத்து வந்துவிட்டாள். திங்கட்கிழமை அதை டி.வி.யில் போட்டுக் காட்டினார்கள். ஆத்தாவின் மனம் நோகுமோ என்று எங்களில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. அந்த ஆத்தாவே பள்ளிக்கு வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "ஆயிரம் வருஷமா நிக்கிற கோயிலு, நெழல் விழுந்தா என்ன கொறைஞ்சா போயிடும்?" என்றார். 1010இல் ராசராசன் குடமுழுக்குச் செய்த கோயிலைப் பற்றி அந்த வகுப்பு அன்று முழுக்கப் பேசியது.

நிலுவை வேலைகள்: கீழண்டை ஜன்னலுக்குச் சன்ஷேட் இல்லை. ஐப்பசி மழையில் சாரல் நேராக டி.வி. மேல் அடிக்கும். அதற்குள் தகரமாவது போட்டாக வேண்டும். கையிருப்பில் இருக்கும் 11,340 ரூபாயை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். போதாவிட்டால் பூசணித் தோட்டத்து ஏலப் பணத்திலிருந்து எடுக்கப் பள்ளி மேலாண்மைக் குழு இசைந்திருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி பன்னிரண்டில் இரண்டு கீறிவிட்டன.

வீட்டில் சும்மா கிடக்கும் சைக்கிள் டியூப், பழைய டார்ச், காந்தம் உள்ள ஸ்பீக்கர், மூடியுள்ள கண்ணாடி பாட்டில் எதுவானாலும் சத்துணவு அக்காவிடம் கொடுக்கலாம். அறைச் சாவி அவரிடமும் தலைமையாசிரியையிடமும் இருக்கிறது. தை அறுவடை வரை சனிக்கிழமை காலையில் அறை திறந்திருக்கும். நாற்று விட்டவர்கள், மாடு வளர்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், மோட்டார் காயில் கட்டுபவர்கள் யார் வந்தாலும் பிள்ளைகள் கேட்கக் கேள்வி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அறிவியல் அறைத் திருப்பணிக் குழுவினர்